கம்பஸ் படிப்புக்கு இலக்கு வைப்பது எப்படி? முதலாம் வருட மாணவிக்கு ஒரு பதில்

கேட்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கும் முதலாம் வருட மாணவி. நெல்லியடியில் இருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வந்து போகிறார். முதல் செமஸ்டரில் ஐந்து பாடம்: பி பிளஸ் ஒன்று, பி ஒன்று, சி இரண்டு, சி மைனஸ் ஒன்று. அவர் எழுதியது இது: "ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுப்பதுதான் என் இலக்கு. நேரசூசி போட்டுச் சுவரில் ஒட்டுவேன். இரண்டு கிழமைக்கு மேல் ஓடாது. உயர்தரத்தில் நான் இப்படி இருக்கவில்லை. எப்படி இலக்கு வைத்தால் நிலைத்து நிற்கும்?"

தங்கச்சி, உங்களுக்கு என்ன நடந்தது என்பது அந்தக் கடைசிக்கு முதல் வரியிலேயே இருக்கிறது. உயர்தரத்தில் நீங்கள் இப்படி இருக்கவில்லைத்தான். ஆனால் அப்போது இலக்கு வைத்தது நீங்கள் இல்லை. ரியூசன் ஆசிரியர் வைத்தார். இந்தக் கிழமை எந்த அலகு, எத்தனை பக்க ரியூட், ஞாயிற்றுக்கிழமை எந்த வருடத்து வினாத்தாள், எத்தனை மணிக்குள் எழுதி முடிக்க வேண்டும், யாருக்கு எத்தனை புள்ளி எல்லாவற்றையும் அவர் தீர்மானித்தார். நீங்கள் போய் உட்கார்ந்து எழுதினீர்கள். உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. உழைப்பு முழுக்க உங்களுடையது. அந்த உழைப்பை எங்கே, எப்போது, எவ்வளவு கொட்டுவது என்ற கணக்கு மட்டும் இன்னொருவர் கையில் இருந்தது.

கம்பஸில் அந்த ஆள் இல்லை. விரிவுரையாளர் ஸ்லைடைத் தந்துவிட்டுப் போவார். பதினைந்து கிழமை கழித்துப் பரீட்சை வரும். இடையில் ஒருவரும் உங்களைப் பிடித்து இருத்தி வினாத்தாள் தர மாட்டார்கள். நான் இங்கே பல வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். உயர்தரத்தில் நல்ல பெறுபேற்றோடு வந்து முதல் செமஸ்டரில் சறுக்குகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கெட்டித்தனத்தில் குறை இருப்பதில்லை. ரியூசன் ஆசிரியர் செய்துவந்த வேலையை இனித் தாங்களே செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் கணக்கைப் பார்த்துவிடுவோம். பலர் இதைப் பேசுவார்கள், கணக்குப் போட மாட்டார்கள். முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00 ஜிபிஏ வேண்டும். ஜிபிஏ என்பது ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, சி 2.0, சி மைனஸ் 1.7 என்று தரங்களுக்குப் புள்ளி போட்டு எடுக்கிற சராசரி. உங்கள் பாடம் எல்லாம் தலா 3 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்கிற அலகு) என்று வைத்தால் முதல் செமஸ்டர் ஜிபிஏ 2.40. நான்கு வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் 15 முடிந்துவிட்டது. மிச்சம் 105 கிரெடிட்டில் எவ்வளவு சராசரி எடுக்க வேண்டும்? 3.70 ஐத் தொட 3.89 வேண்டும். அதாவது இனி ஒவ்வொரு செமஸ்டரிலும் ஐந்தில் நான்கு பாடம் ஏ, மற்றது ஏ மைனஸ். முடியாதது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு செமஸ்டர்கூட வழுக்க இடமில்லை. 3.30 ஐத் தொட 3.43 போதும். ஐந்து பாடத்தில் இரண்டு ஏ மைனஸ், மூன்று பி பிளஸ் எடுத்தால் 3.46 வந்துவிடும். சில பட்டங்களில் முதலாம் வருடம் வகுப்புக் கணிப்பில் வேறு விதமாகச் சேரும், சிலவற்றில் சேராமலும் விடலாம். ஆகவே உங்கள் பீடத்தின் மாணவர் கைநூலை எடுத்து அந்தப் பக்கத்தை நீங்களே வாசித்துவிட்டு இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்.

என் கருத்தில், இப்போதைக்கு மேற்பிரிவை மனதில் வையுங்கள். மூன்றாம் செமஸ்டர் முடியக் கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். வீட்டில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லியிருப்பீர்கள், கனடாவில் இருக்கிற மாமாவும் கேட்டிருப்பார். அவர்கள் ஆசைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் அவர்கள் கேட்பது முடிவை. நீங்கள் இன்றைக்கு இரவு உட்கார்ந்து செய்ய வேண்டியது என்ன என்பது அதற்குள் இல்லை.

இதுதான் நான் சொல்ல வருவதன் நடுப்பகுதி. தரத்தை இலக்காக வைக்காதீர்கள், செய்யும் வேலையை வையுங்கள். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏறத்தாழ 4,000 மாணவர்களை வைத்து டேமன் கிளார்க்கும் இன்னும் மூன்று பொருளியலாளர்களும் செய்த ஆய்வு 2020 இல் வெளிவந்தது. ஒரு பகுதி மாணவர்கள் தாங்கள் எடுக்கப்போகும் தரத்தை அல்லது புள்ளியை இலக்காக எழுதினார்கள். இன்னொரு பகுதியினர் எத்தனை பயிற்சிப் பரீட்சை செய்யப்போகிறோம் என்பதை எழுதினார்கள். புள்ளியை இலக்காக வைத்தவர்களுடைய பெறுபேற்றில் சொல்லக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. பயிற்சிகளின் எண்ணிக்கையை வைத்தவர்கள் கூடுதலாகப் பயிற்சி செய்தார்கள், பெறுபேறும் ஓரளவு ஏறியது. காரணம் விளங்கக்கூடியதுதான். ஏ எடுப்பது வினாத்தாள் எப்படி வருகிறது, யார் திருத்துகிறார்கள், அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சலா என்பதிலும் தங்கியிருக்கிறது. ஐந்து கணக்குச் செய்வது உங்களில் மட்டும்தான் தங்கியிருக்கிறது. செய்தேனா இல்லையா என்று அன்றிரவே தெரியும்.

"முடிந்தளவு நன்றாகப் படிப்பேன்" என்பதும் இலக்கு ஆகாது. எட்வின் லாக் 1968 இல் எழுதத் தொடங்கி, பிறகு கேரி லாதமோடு சேர்ந்து நீண்ட காலம் காட்டிவந்தது இதைத்தான்: தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தவர்கள், முடிந்தளவு செய்கிறோம் என்றவர்களைவிடக் கூடச் செய்கிறார்கள். "முடிந்தளவு" என்றால் எவ்வளவு செய்தாலும் அதுவே முடிந்தளவு ஆகிவிடும்.

சரி, ஒரு பாடத்தை எடுத்து எப்படிச் செய்வது என்று பார்ப்போம். நிதிக் கணக்கீடு என்று வையுங்கள். செமஸ்டர் தொடக்கத்தில் பாடவிளக்கம் ஒன்று தந்திருப்பார்கள். பலர் அதில் புள்ளிப் பங்கீட்டை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அதற்குள் "கற்றல் பேறுகள்" என்று ஒரு பகுதி இருக்கும். இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர் இன்னின்னதைச் செய்யக்கூடியவராக இருப்பார் என்று வரிவரியாக எழுதியிருக்கும். அந்த வரிகளின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். "விளக்குவர்" என்றால் எழுதிப் பழக வேண்டும். "தயாரிப்பர்" என்றால் கணக்குச் செய்து பழக வேண்டும். "ஒப்பிடுவர்" என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். பரீட்சை வினாக்கள் பெரும்பாலும் இவற்றில் இருந்துதான் வரும். ரியூசன் ஆசிரியர் அலகு அலகாகப் பிரித்துத் தந்ததைப் போன்ற பட்டியல் உங்கள் கையில் ஏற்கனவே இருக்கிறது.

அதில் ஒரு வரி, "காசுப் பாய்ச்சல் கூற்றைத் தயாரிப்பர்", அதாவது காசு எங்கிருந்து வந்து எங்கே போனது என்று காட்டுகிற கணக்கு. இதைக் கிழமை இலக்காக மாற்றினால் இப்படி வரும்: "வெள்ளிக்கிழமை இரவு, கொப்பியைப் பார்க்காமல், பழைய வினாத்தாளில் இருந்து காசுப் பாய்ச்சல் கூற்று ஒன்றை 45 நிமிடத்தில் செய்து முடிப்பேன். விடையோடு ஒப்பிட்டுப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன்." "வெள்ளி இரவு கணக்கீடு 2 மணித்தியாலம் படிப்பேன்" என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மணித்தியாலம் ஸ்லைடைப் புரட்டினாலும் அந்த இலக்கு நிறைவேறிவிடும், ஒன்றும் ஏறியிருக்காது. முதலாவதில் அப்படி உங்களை ஏமாற்ற முடியாது. மறைமுக முறையில் பெறுமானத் தேய்வைத் தேறிய இலாபத்தோடு திரும்பக் கூட்ட மறந்திருந்தால், சிவப்பு மையில் அது தெரியும். அது காசு வெளியே போகாத செலவு என்பது அப்போதுதான் உண்மையில் பிடிபடும். அடுத்த கிழமை எதில் கை வைப்பது என்று வேறு யோசிக்கவும் தேவையில்லை, அந்தக் கடைசிப் பக்கமே சொல்லும்.

"பார்க்காமல்" என்ற சொல்லை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்வேன். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006 இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே பகுதியைச் சிலர் இரண்டு முறை வாசித்தார்கள். சிலர் ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்குத்தான் கூட ஞாபகம். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42 வீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம். திரும்ப வாசிக்கும்போது "இது எனக்குத் தெரியும்" என்ற உணர்வு வரும். பரீட்சை மண்டபத்தில் தெரிந்ததை எடுத்துத் தர வேண்டும், அது வேறு பயிற்சி. ஆகவே எந்தப் பாடமாக இருந்தாலும் கிழமை இலக்குக்குள் பார்க்காமல் செய்கிற ஒன்று இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்காமலே சொல்கிறேன். உயர்தரத்தில் வணிகப் பிரிவைத் தமிழில் படித்துவிட்டு இங்கே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு சி-யும் விளங்காமல் வந்தவையா, விளங்கியும் எழுத முடியாமல் வந்தவையா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. விளங்கியும் எழுத வராவிட்டால் "ஆங்கிலத்தை முன்னேற்றுவேன்" என்று இலக்கு வைத்து ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் கிழமைக்கு ஒரு பழைய கேள்வி: முதலில் தமிழில் ஒரு தோழிக்கு வாயால் விளங்கப்படுத்துங்கள், பிறகு உடனே அதையே பத்து வரியில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் பிழைத்தாலும் பரவாயில்லை. பத்து வரி, கிழமைக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று. பதினைந்து கிழமையில் ஐந்து பாடத்துக்கும் எழுபத்தைந்து விடை எழுதியிருப்பீர்கள்.

இனி நேரசூசி. அது ஏன் இரண்டு கிழமையில் கிழிகிறது?

பெரும்பாலும் அது இல்லாத ஒரு பெண்ணுக்காகப் போட்டது என்பதால்தான். பஸ்ஸில் நிற்காத, களைக்காத, வீட்டில் ஒரு வேலையும் இல்லாத ஒரு பெண்ணுக்காக. உங்கள் உண்மையான கிழமையை எடுத்துப் போடுவோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால வேலை, விரிவுரை, சுயபடிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து. 3 கிரெடிட் பாடத்துக்கு 150 மணி. விரிவுரை 45 மணி போனால் மிச்சம் 105. ஐந்து பாடத்துக்கு 525 மணி. பதினைந்து கிழமையால் பிரித்தால் கிழமைக்கு 35 மணி. நெல்லியடியில் இருந்து வந்து போகிறவருக்கு இது வராது, வரவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். விரிவுரைகளுக்கு இடையில் இருக்கிற இடைவெளியில் நூலகத்தில் நான்கு நாள், தலா 2 மணி. இரவு ஏழரையில் இருந்து ஒன்பதரை வரை நான்கு நாள். சனி, ஞாயிறு தலா 4 மணி. மொத்தம் 24. பதினைந்து கிழமையில் 360 மணி. மிச்சம் 165 மணி பரீட்சைக்கு முந்திய விடுமுறைக்குப் போகும். மூன்று கிழமை கிடைத்தால் நாளுக்கு எட்டு மணி அளவில் வரும். கடினம்தான், ஆனால் மனிதர் செய்யக்கூடியது. செமஸ்டர் முழுக்க ஒன்றும் செய்யாமல் விட்டால் அதே மூன்று கிழமைக்கு நாளுக்கு 25 மணி வேண்டும். ஒரு நாளில் அத்தனை மணி இல்லை.

அந்த நூலக நேரத்தைத்தான் நான் மிகப் பெறுமதியாகப் பார்க்கிறேன். திருநெல்வேலியில் வளாகத்துக்குள் இருக்கும்போது விரிவுரைக்கு விரிவுரை இருக்கிற இரண்டு மணித்தியாலம் கன்டீனிலும் பரமேஸ்வராச் சந்திக் கடைகளிலும் கரைந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று நினைப்பீர்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உடம்பு விடாது. காலையில் விளங்காத ஒரு கணக்கை அன்று பகலே நூலகத்தில் செய்து பார்ப்பதற்கும் ஐந்து நாள் கழித்துக் கொப்பியைத் திறப்பதற்கும் நிறைய வித்தியாசம். பஸ்ஸில் படிப்பேன் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். இருக்கை கிடைத்தால் பழைய சிவப்புப் பிழைகளை ஒருமுறை மனதுக்குள் ஓட்டுங்கள், அது போதும்.

நேரசூசி போடும்போது முதலில் படிப்பு நேரத்தை எழுதாதீர்கள். படிக்க முடியாத நாட்களை எழுதி வெட்டுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். எல்லா நாளும் போகமாட்டீர்கள், ஆனால் தேருக்கும் தீர்த்தத்துக்கும் வீட்டோடு போவீர்கள், வீட்டுக்கு ஆட்களும் வந்து நிற்பார்கள். ஊர்க்கோயில் திருவிழா வந்தால் லவுட்ஸ்பீக்கர் போட்டு இரவு பத்து மணி வரை வீட்டில் இருந்து ஒன்றும் செய்ய முடியாது. கலியாண வீடு, அந்தியேட்டி, கார்த்திகை மழைக்கு ரோட்டில் வெள்ளம் நிற்கிற நாட்கள் எல்லாம் வரும். இவை இடைஞ்சல் இல்லை, இங்கே வாழ்கிற வாழ்க்கையின் பகுதி. முன்கூட்டியே வெட்டி வைத்தால் அந்த நாளில் குற்ற உணர்வு இல்லாமல் கோயிலுக்குப் போகலாம். வெட்டாமல் விட்டால் ஒரு நாள் தவறியதும் "சரி, நேரசூசி குழம்பிவிட்டது" என்று முழுவதையும் கைவிடுவீர்கள்.

அதோடு, எந்த வேலைக்கும் நீங்கள் நினைக்கிற நேரத்தைவிடக் கூட ஒதுக்குங்கள். இறுதி ஆய்வுக்கட்டுரை எழுதிய உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டு, 1994 இல் ரோஜர் புயூலரும் கூட்டாளிகளும் எழுதியிருக்கிறார்கள்: அவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள், எடுத்தது 55.5 நாள். ஒப்படை ஒன்றுக்கு இரண்டு இரவு போதும் என்று மனம் சொன்னால் மூன்றரை இரவு என்று எழுதுங்கள்.

பிறகு, "எப்போது" என்பதை மணிக்கூட்டில் கட்டாமல் ஏற்கனவே செய்கிற ஒரு காரியத்தில் கட்டுங்கள். "இரவு ஏழரைக்குத் தொடங்குவேன்" என்றால் பஸ் பிந்தும், கரண்ட் போகும், எட்டுக்குத் தொடங்கலாம் என்று தோன்றும். "இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பையைக் கழுவி வைத்ததும், போனை அம்மாவின் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, மேசையில் இருந்து சிவப்புப் பிழைப் பக்கத்தைத் திறப்பேன்" என்று எழுதுங்கள். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்பே முடிவெடுத்து வைப்பவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் 1999 இல் எழுதினார். படிக்க வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. தொடங்குகிற அந்த நிமிடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அந்த நிமிடத்தில் யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

பட்டப்படிப்போடு சி.ஏ. அல்லது ஏ.ஏ.ரி. போன்ற கணக்கியல் தொழில்முறைப் படிப்பும் படிக்கிறீர்களா என்று தெரியவில்லை. முகாமைத்துவப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ஒரு செமஸ்டரில் இரண்டுக்கும் சமமாக ஓட முடியாது. எது இந்த ஆறு மாதத்துக்கு முதன்மை என்று ஒரு வரியில் எழுதி, மற்றதில் சித்தியடைந்தால் போதும் என்று விடுங்கள்.

குப்பியை விடாதீர்கள். பரீட்சை நெருங்க பட்ச் பிள்ளைகள் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிற அந்த வழக்கம் எங்கள் பல்கலைக்கழகங்களின் பெரிய சொத்து. ஆனால் எல்லாரும் கடைசிக் கிழமையில் கேட்பதற்காகப் போகிறார்கள். நீங்கள் ஆறாம் கிழமையிலேயே மூன்று நான்கு பேரைச் சேர்த்து, ஒரு அலகைச் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பை எடுங்கள். நாலு பேருக்கு முன் நின்று சொல்ல வேண்டும் என்றால் படிக்காமல் போக வெட்கமாக இருக்கும். அங்கே யாராவது ஒரு கேள்வி கேட்டு நீங்கள் தடுமாறினால், பரீட்சையில் தடுமாற இருந்த இடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பல பாடங்களில் தொடர் மதிப்பீட்டுக்கு 30 அல்லது 40 புள்ளி இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் செமஸ்டரின் நடுப்பகுதியில்தான் வரும், ஆகவே இரண்டுக்கும் ஒரே உழைப்பு.

ஞாயிறு மாலை இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எழுதிய இலக்குகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பாருங்கள். நடக்காததை அப்படியே அடுத்த கிழமைக்குத் தள்ளாதீர்கள். பாதியாக வெட்டுங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள். மூன்று கிழமை தொடர்ந்து ஒரே இலக்கு விழுந்தால் அது அளவு பிழைத்த இலக்கு. சோம்பேறி என்று உங்களைத் திட்டுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மூன்று கிழமை தொடர்ந்து எதிலும் மனம் போகவில்லை, நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்றால் அது நேரசூசியால் தீர்கிற விஷயமே இல்லை. உங்கள் பீடத்து மாணவ ஆலோசகரிடம் போய்க் கதையுங்கள். அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக அந்த சி மைனஸ் பாடம். திரும்ப எழுதினால் பொதுவாக சி-க்கு மேல் தரமாட்டார்கள். 1.7 இல் இருந்து 2.0 க்கு ஏறினால் 120 கிரெடிட் ஜிபிஏயில் கூடுவது 0.0075 மட்டும். ஆகவே ஜிபிஏக்காக அதன் பின்னால் அலையாதீர்கள். ஆனால் வகுப்புச் சித்திக்கு எல்லாப் பாடத்திலும் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று உங்கள் கைநூலில் இருந்தால் எழுதத்தான் வேண்டும். அப்படியானால் அதற்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஒரு பழைய கேள்வி, பார்க்காமல். அதற்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்ச நேரத்தை இந்த செமஸ்டரின் ஐந்து பாடத்துக்கும் கொடுங்கள்.